மருத்துவச் சொற்கள்: முதலாண்டு மாணவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

நர்சிங், லேப் டெக்னீஷியன், எக்ஸ்ரே டெக்னீஷியன் படிப்புகளில் சேரும் முதலாண்டு மாணவர்களுக்கு உடற்கூறியல் பாடமும் மருத்துவச் சொல் அறிமுகமும் எடுக்கிறேன். பேட்ச் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. வகுப்பு முடிந்தபின் வராந்தாவில் கேட்டவை, வார்டு போஸ்டிங்கில் காதோடு காதாகக் கேட்டவை என்று இவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் சொன்னது தேவைப்படும் என்பதால் வரிசையாகவே படியுங்கள்.

1. நான் பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், மேடம். இந்த வார்த்தையெல்லாம் எனக்கு வருமா?

வரும். இவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலச் சொற்களே அல்ல, கிரேக்கமும் லத்தீனும். கான்வென்ட்டில் படித்த பிள்ளைக்கும் 'கோலிசிஸ்டெக்டமி' முதல் நாள் புதிதுதான். அவள் வீட்டிலும் யாரும் அந்தச் சொல்லைப் பேசியிருக்க மாட்டார்கள். பாடப்புத்தகத்தின் வாக்கியங்களைப் படிப்பதில் உங்களுக்குச் சிரமம் இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. சொற்களைப் பொறுத்தவரை எல்லாரும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகிறீர்கள்.

தமனி, சிரை, கணையம், மண்ணீரல், உதரவிதானம் எல்லாம் பள்ளியிலேயே படித்தாயிற்று. எது எங்கே இருக்கிறது, என்ன வேலை செய்கிறது என்று தெரியும். ஆர்ட்டரி, வெயின், பான்கிரியாஸ், ஸ்ப்ளீன், டயஃப்ரம் என்று பெயரை மட்டும் அதன்மேல் ஏற்ற வேண்டும். பொருள் புரியாமல் பெயரை உருப்போட்டு வந்தவர்களைவிட உங்கள் நிலை மேல்.

2. மொத்தம் எத்தனை வார்த்தை மனப்பாடம் பண்ணணும்?

முழு முழுச் சொல்லாக மனப்பாடம் செய்ய ஆரம்பித்தால் முடிவே கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உடற்கூறியல் பெயர்கள் சுமார் 50,000 வரை புழங்கின. ஒரே உறுப்புக்கு ஜெர்மனியில் ஒரு பெயர், பிரான்சில் ஒரு பெயர். 1895இல் உடற்கூறியல் அறிஞர்கள் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் கூடி அவற்றை ஏறத்தாழ 5,000 ஆகக் குறைத்தார்கள். அந்த 5,000ஐயும் ஒரே மூச்சில் ஒப்பிக்கிற டாக்டர் யாரையும் நான் பார்த்ததில்லை.

உங்களுக்கு வேண்டியது சொற்களின் உறுப்புகள். நூறு, நூற்றைம்பது துண்டுகள் கையில் இருந்தால் முதலாண்டை ஓட்டிவிடலாம். அந்தத் துண்டுகளைச் சேர்த்தும் பிரித்தும் பார்க்கத் தெரிந்தால், இதுவரை கண்ணில் படாத சொல்லுக்கும் அர்த்தம் சொல்லிவிடுவீர்கள்.

3. ஒரு நீளமான வார்த்தையைப் பார்த்தாலே தலை சுத்துது. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

வாலிலிருந்து. சொல்லின் கடைசித் துண்டுதான் இது நோயா, அறுவையா, பரிசோதனையா என்று சொல்லும். அதைப் பிடித்துக்கொண்டு முன்னால் போங்கள். மேலே சொன்ன கோலிசிஸ்டெக்டமியை எடுத்துக்கொள்வோம். '-எக்டமி' என்றால் அகற்றுதல். 'சிஸ்ட்' என்றால் பை. 'கோலி' என்றால் பித்தம். ஆக, பித்தப்பையை அகற்றும் அறுவை. அதே போல கேஸ்ட்ரோஎன்டரைட்டிஸ்: '-ஐட்டிஸ்' அழற்சி, 'என்டர்' குடல், 'கேஸ்ட்ரோ' இரைப்பை. ஹைப்போகிளைசீமியா: '-ஈமியா' இரத்தத்தில், 'கிளைசி' சர்க்கரை, 'ஹைப்போ' குறைவு.

நடுவில் வரும் 'ஓ' பெரும்பாலும் இரண்டு துண்டுகளை இணைக்க மட்டும் வருவது. அதற்குத் தனி அர்த்தம் தேடாதீர்கள்.

4. எந்த வாலை எல்லாம் முதல்ல படிக்கணும்?

வார்டில் தினமும் கண்ணில் படுகிறவற்றை. '-ஐட்டிஸ்' அழற்சி, '-ஆல்ஜியா' வலி, '-மெகாலி' உறுப்பு பெரிதாகிவிட்டது, '-ஈமியா' இரத்தத்தில், '-யூரியா' சிறுநீரில், '-பதி' பொதுவாக நோய், '-பீனியா' எண்ணிக்கை குறைவு. டெங்கு சீசனில் போஸ்டிங் போனால் 'த்ராம்போசைட்டோபீனியா' என்று கேஸ் ஷீட்டுக்குக் கேஸ் ஷீட் எழுதியிருக்கும். தட்டணுக்கள் குறைந்துவிட்டன என்பதுதான் அது. '-ஸ்கோபி' உள்ளே விட்டுப் பார்ப்பது, '-கிராம்' பதிவாகி வந்த படம் அல்லது கோடு, '-கிராஃப்' அதைப் பதியும் கருவி, '-பிளாஸ்டி' சீரமைப்பு.

அறுவைக்கு மூன்று வால்கள் உண்டு. இந்த மூன்றில் மட்டும் நிதானமாக நில்லுங்கள். '-எக்டமி' எடுத்துவிடுவது. '-ஆட்டமி' வெட்டித் திறப்பது. '-ஆஸ்டமி' ஒரு வாய் அமைத்து விடுவது. லேப்பராட்டமி என்றால் வயிற்றைத் திறக்கிறார்கள். கொலாஸ்டமி என்றால் பெருங்குடலுக்கு வயிற்றின்மேல் ஒரு வாய் வைக்கிறார்கள். அந்த நோயாளி பை மாட்டிக்கொண்டு வார்டுக்குத் திரும்புவார், அதற்கான கவனிப்பே வேறு. ஹிஸ்டரெக்டமி என்றால் கர்ப்பப்பை போய்விடும். ஹிஸ்டராட்டமி என்றால் கர்ப்பப்பையைத் திறக்கிறார்கள், அவ்வளவுதான். சம்மதப் படிவத்தில் இந்த இரண்டும் மாறிப்போனால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

5. கிட்னிக்கு ஒரு இடத்துல 'ரீனல்'னு இருக்கு, இன்னொரு இடத்துல 'நெஃப்ரோ'ன்னு இருக்கு. ரெண்டும் ஒண்ணா?

ஒன்றுதான். ரீனல் லத்தீன், நெஃப்ரோ கிரேக்கம். நுரையீரலுக்கும் அப்படியே பல்மனரி, நியூமோ என்று இரண்டு. மார்பகத்துக்கு மேமோ, மாஸ்ட். நாக்குக்கு லிங்குவல், குளோசல்.

எப்போது எது வரும் என்பதற்கு ஓரளவு நம்பக்கூடிய வழி இருக்கிறது. உடலில் உள்ள பகுதியின் பெயரென்றால் பெரும்பாலும் லத்தீன்: ரீனல் ஆர்ட்டரி, பல்மனரி வெயின். நோயோ அறுவையோ என்றால் பெரும்பாலும் கிரேக்கம்: நெஃப்ரைட்டிஸ், நெஃப்ரெக்டமி, மாஸ்டெக்டமி. நோய்களைப் பற்றி முதலில் விரிவாக எழுதி வைத்தவர்கள் கிரேக்க மருத்துவர்கள். உடலை அறுத்துப் பார்த்து ஐரோப்பாவில் புத்தகம் போட்ட காலத்தில் படித்தவர்களின் மொழி லத்தீன். 1543இல் வெசாலியஸ் வெளியிட்ட உடற்கூறு நூலும் லத்தீனில்தான். அந்தப் பிரிவினை அப்படியே தங்கிவிட்டது. விலக்குகளும் உண்டு. கல்லீரலுக்குப் போகும் ஹெப்பாட்டிக் ஆர்ட்டரி கிரேக்கப் பெயர்தான். மேமோகிராமில் தலை லத்தீன், வால் கிரேக்கம்.

6. அனாட்டமிகல் பொசிஷன்னு ஒண்ணை முதல் கிளாஸ்லயே எழுத வைக்கிறீங்க. அது எதுக்கு?

நேராக நின்று, முகம் முன்னோக்கி, கைகள் பக்கவாட்டில் தொங்க, உள்ளங்கை முன்பக்கம் தெரியும்படி நிற்பது. நோயாளி குப்புறப் படுத்திருந்தாலும், ஒருக்களித்திருந்தாலும், மேசைமேல் தலைகீழாகச் சாய்த்திருந்தாலும் திசை சொல்லும்போது அவர் இப்படி நிற்பதாகத்தான் வைத்துக்கொள்வோம். இல்லாவிட்டால் 'மேலே', 'முன்னால்' என்பதெல்லாம் ஆளுக்கொரு அர்த்தமாகிவிடும்.

வலது இடது எப்போதும் நோயாளியுடையது. உங்களுடையது அல்ல.

7. அப்போ எக்ஸ்ரேல இதயம் ஏன் வலது பக்கம் தெரியுது?

உங்கள் வலது பக்கம் தெரிகிறது. நோயாளி உங்களைப் பார்த்து எதிரே நிற்பதாக நினைத்துத்தான் படத்தை மாட்டுகிறோம். ஆகவே அவருடைய இடது, உங்கள் வலது கைப்பக்கம் வரும். சி.டி. ஸ்கேனின் குறுக்குவெட்டுப் படத்தை நோயாளியின் பாதப் பக்கம் நின்று பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் அவருடைய வலது உங்கள் இடப்பக்கமே.

இதயம் வலப்பக்கம் இருப்பவர்களும் அபூர்வமாக உண்டு. அதனால் படத்தை எடுத்ததும் முதலில் ஓரத்தில் உள்ள 'எல்' அல்லது 'ஆர்' குறியைப் பாருங்கள். எக்ஸ்ரே படிப்பில் இருப்பவர்களுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்கிறேன்: அந்தக் குறியை வைக்கப்போவது நீங்கள்தான்.

8. மீடியல், லேட்டரல், பிராக்சிமல், டிஸ்டல்... மாறி மாறி வருது. ஞாபகமே நிக்கல.

புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நில்லுங்கள். 6ஆம் கேள்வியில் சொன்னபடி உள்ளங்கையை முன்னால் திருப்புங்கள். மூக்கிலிருந்து தொப்புள் வழியாக ஒரு கோடு இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்குப் பக்கமாக இருப்பது மீடியல், விலகி இருப்பது லேட்டரல். இப்போது கட்டைவிரல் எந்தப் பக்கம்? வெளிப்பக்கம், லேட்டரல். காலின் பெருவிரல்? உள்பக்கம், மீடியல். கையைத் திருப்பாமல் சொன்னவர்கள் தப்பாகச் சொல்லியிருப்பீர்கள்.

பிராக்சிமல், டிஸ்டல் இரண்டும் முக்கியமாகக் கை கால்களுக்கு. உடம்போடு சேரும் இடத்துக்கு எது பக்கமோ அது பிராக்சிமல். முழங்கை மணிக்கட்டுக்கு பிராக்சிமல். விரல் நுனி எல்லாவற்றுக்கும் டிஸ்டல். குடல் போன்ற குழாய்களுக்கும் இதே சொற்களைச் சொல்வார்கள். அங்கே தொடங்கும் முனைக்குப் பக்கம் பிராக்சிமல். ஆன்டீரியர் முன், போஸ்டீரியர் பின், சுப்பீரியர் மேல், இன்ஃபீரியர் கீழ். இவற்றில் யாரும் குழம்பி நான் பார்த்ததில்லை.

9. 'ஆர்ம்'னா கைதானே மேடம்? ஏன் மார்க் குறைச்சீங்க?

பேச்சில் கைதான். உடற்கூறியலில் ஆர்ம் என்பது தோளிலிருந்து முழங்கை வரை மட்டும். அதற்குக் கீழே மணிக்கட்டு வரை ஃபோர்ஆர்ம், அதற்கப்புறம்தான் ஹேண்ட். கால் பக்கமும் அப்படியே: இடுப்பிலிருந்து முழங்கால் வரை தை, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை மட்டுமே லெக், பிறகு ஃபுட். புஜம், முன்கை, தொடை, கெண்டைக்கால், பாதம் என்று நமக்கும் தனித்தனியாகப் பெயர் இருக்கிறது. அவசரத்தில் எல்லாவற்றையும் கை, கால் என்று சொல்லிவிடுகிறோம்.

நோயாளியும் அப்படித்தான் சொல்வார். "கால் வலிக்குது" என்றால் அது இடுப்பு மூட்டாகவும் இருக்கலாம், குதிகாலாகவும் இருக்கலாம். "ஒரு விரலை வச்சுக் காட்டுங்க ஐயா" என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். ஒரு விரலால் காட்ட முடியாமல் உள்ளங்கையால் தடவிக் காட்டினால், அதையும் எழுதுங்கள். டாக்டருக்கு அது பயன்படும்.

10. எலும்பு பேரெல்லாம் எப்படி நினைவு வச்சுக்கறது?

வளர்ந்த மனிதருக்கு 206. முதுகெலும்பிலிருந்து தொடங்குங்கள்: காலை 7 மணிக்கு டிபன், பகல் 12 மணிக்குச் சாப்பாடு, சாயங்காலம் 5 மணிக்கு டீ. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5. அதற்குக் கீழே 5 சேர்ந்து ஒன்றான சேக்ரம், கடைசியில் வால் எலும்பு.

மற்ற எலும்புகளுக்கு, பெயர் வைத்தவர்கள் எதைப் பார்த்து வைத்தார்கள் என்று தெரிந்துகொள்வது நல்ல வழி. அவர்கள் பெரிதாக யோசிக்கவில்லை, பார்த்ததைச் சொன்னார்கள். கிளாவிக்கிள் சின்னச் சாவி. பட்டெல்லா சின்னத் தட்டு. தொடை எலும்பின் தலை உட்காரும் குழி அசிட்டாபுலம், ரோமானியர் சாப்பாட்டு மேசையில் வைத்த வினிகர்க் கிண்ணம். மணிக்கட்டில் 8 எலும்புகள். அவற்றில் ஸ்கஃபாய்டு படகு, லூனேட் பிறை, பிசிஃபார்ம் பட்டாணி, ஹேமேட் கொக்கி. எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு பெயரைச் சொல்லிப் பாருங்கள். படத்தை மட்டும் பார்த்துப் படித்தவர்கள் வாய்மொழித் தேர்வான வைவாவில் எலும்பைத் திருப்பிக் கொடுத்தால் திணறுகிறார்கள்.

படகு எலும்பை மட்டும் மறக்கவே மறக்காதீர்கள். கையை ஊன்றி விழுந்தவர்களுக்கு இந்த 8 எலும்புகளில் அதிகம் முறிவது அதுதான், முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம்.

11. எழுதறது ஒண்ணு, சொல்றது ஒண்ணா இருக்கே?

சில விதிகளே போதும். 'பி' எழுத்துக்குப் பின் 'என்', 'எஸ்', 'டி' வந்து சொல் தொடங்கினால் 'பி' ஒலிக்காது: நியூமோனியா, சோரியாசிஸ், டெரிகாய்டு. 'எக்ஸ்' எழுத்தில் தொடங்கினால் 'ஸ' ஒலி: மார்பெலும்பின் கீழ்நுனி சைஃபாய்டு. 'சி-ஹெச்' பெரும்பாலும் 'க' ஒலி, அதனால்தான் 'கோலி'.

அனீமியா, எடீமா, ஈசோஃபேகஸ் போன்றவற்றில் பிரிட்டிஷ் முறையில் ஓர் எழுத்து கூடுதலாக வரும், அமெரிக்கப் புத்தகத்தில் வராது. இரண்டும் சரி. ஒரே விடைத்தாளில் இரண்டையும் கலக்காதீர்கள்.

12. ஒரே மாதிரி கேக்குற வார்த்தைங்கதான் மேடம் பிரச்சினை. அதுக்கு என்ன வழி?

இந்தக் கேள்வியைக் கேட்டவளுக்கு அன்று வகுப்பில் எல்லார் முன்னாலும் சபாஷ் சொன்னேன். நீளமான சொல்லைக் கண்டு பயப்படுகிறீர்கள். ஆனால் 3ஆம் கேள்வியில் செய்தது போலப் பிரித்தால் அது தன்னைத் தானே விளக்கிவிடும். ஏமாற்றுவது சின்னச் சொற்கள். யூரீட்டர் என்பது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய், இரண்டு உண்டு. யூரித்ரா என்பது பையிலிருந்து வெளியே போகும் வழி, ஒன்றுதான். டிஸ்ஃபேஜியா விழுங்க முடியாமை; டிஸ்ஃபேசியா நினைப்பதைச் சொல்லாக்க முடியாமை அல்லது பேச்சைப் புரிந்துகொள்ள முடியாமை. பக்கவாத வார்டில் ஒரே நோயாளிக்கு இரண்டும் இருக்கலாம். முதலாவது இருப்பவருக்குத் தெரியாமல் வாயில் தண்ணீர் கொடுத்தால் நுரையீரலுக்குப் போய்விடும்.

ஐலியம் என்று இரண்டு உண்டு, காதுக்கு வித்தியாசமே தெரியாது. ஆங்கிலத்தில் 'ஐ-எல்-ஐ' என்று தொடங்குவது இடுப்பெலும்பு, 'ஐ-எல்-ஈ' என்று தொடங்குவது சிறுகுடலின் கடைசிப் பகுதி. காலின் வெளிப்பக்கத்து நரம்புக்குப் பெரோனியல் என்று பெயர். பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதி பெரினியல். இந்தக் குழப்பத்துக்காகவே முதலாவதை ஃபிபுலார் என்று மாற்றி எழுதுகிறார்கள்.

ஃபோனில் ரிப்போர்ட் சொல்லும்போதுதான் ஆபத்து அதிகம். 'ஹைப்பர்', 'ஹைப்போ' இரண்டும் இரைச்சலில் ஒன்றாகவே கேட்கும். "ஹைப்போகலீமியா" என்று மட்டும் சொல்லாமல் "பொட்டாசியம் குறைவு, 2.8" என்று எண்ணோடு சொல்லுங்கள்; எதிர்முனையில் இருப்பவரைத் திரும்பச் சொல்ல வையுங்கள். கையை உடம்பிலிருந்து விலக்குவதும் உடம்போடு சேர்ப்பதும் அப்டக்‌ஷன், அடக்‌ஷன் என்று ஒட்டிப் பிறந்தவை. அவற்றை 'ஏ-பி டக்‌ஷன்', 'ஏ-டி டக்‌ஷன்' என்று எழுத்துக் கூட்டிச் சொல்வது பல இடங்களில் வழக்கம். நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.

13. கேஸ் ஷீட்ல ஓ.டி., பி.டி., டி.டி.எஸ்.னு கிறுக்கியிருக்கே, அதெல்லாம் என்ன?

லத்தீன் சுருக்கங்கள். ஓ.டி. தினம் ஒரு வேளை, பி.டி. இரு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, ஹெச்.எஸ். படுக்கும்போது, எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால் மட்டும், ஸ்டாட் உடனே. கண் பிரிவில் ஓ.டி. என்றால் வலது கண். இடம் மாறினால் அர்த்தம் மாறும். எம்.எஸ். என்பதை இதயப் பிரிவில் மைட்ரல் ஸ்டெனோசிஸ் என்பார்கள், நரம்பியலில் மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பார்கள்.

இன்சுலின் அளவுக்குப் பக்கத்தில் யூனிட் என்பதை ஒற்றை 'யூ' எழுத்தாகச் சுருக்கவே சுருக்காதீர்கள். வேகமாக எழுதினால் அது பூஜ்யமாகத் தெரியும், 10 யூனிட் 100 ஆகிவிடும். அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் ஜாயின்ட் கமிஷன் 2004இல் வெளியிட்ட 'எழுதக்கூடாத சுருக்கங்கள்' பட்டியலில் அது இருக்கிறது. 1.0 என்று புள்ளிக்குப் பின் வீணாகப் பூஜ்யம் போடுவதும் அதே பட்டியலில் உண்டு. நம் நாட்டிலும் 2016இல் இந்திய மருத்துவக் கவுன்சில் மருந்தின் ஜெனரிக் பெயரை, அதாவது கம்பெனி வைத்த பெயரை அல்லாமல் பொதுப்பெயரை, தெளிவாக, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுதச் சொன்னது. புரியாத சுருக்கத்தை ஊகிக்காதீர்கள், கேளுங்கள். திட்டு விழுந்தாலும் பரவாயில்லை.

14. '-ஓமா'ன்னு முடிஞ்சா கேன்சரா?

இல்லை. '-ஓமா' பொதுவாகக் கட்டி. லைப்போமா வெறும் கொழுப்புக் கட்டி, பெரும்பாலும் தொந்தரவே தராது. கார்சினோமா, சார்க்கோமா புற்று. மெலனோமா, லிம்ஃபோமா கேட்பதற்கு லைப்போமா மாதிரி இருந்தாலும் புற்றுதான். ஹீமட்டோமா கட்டியே அல்ல, அடிபட்டு இரத்தம் தேங்கியது. க்ளாக்கோமா கண் நோய். 4ஆம் கேள்வியில் வாலை நம்பச் சொன்னேன். இந்த ஒரு வாலை மட்டும் முழுதாக நம்பாமல் சொல்லாகவே படித்துவிடுங்கள்.

இதோடு சேர்த்து இரண்டு. அக்யூட் என்றால் கடுமையானது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அது திடீரென்று வந்தது என்பதைத்தான் சொல்கிறது. க்ரானிக் நாள்பட்டது. அக்யூட் ஆனால் லேசான நோயும் உண்டு, க்ரானிக் ஆனால் உயிர் பறிக்கும் நோயும் உண்டு. ரிப்போர்ட்டில் 'நெகட்டிவ்' என்று வந்தால் தேடியது இல்லை என்று அர்த்தம். பெரும்பாலும் அது நல்ல செய்தி. அதைப் பார்த்து அழுத தாயாரை எனக்குத் தெரியும்.

15. ஹார்ட் அட்டாக், கார்டியாக் அரெஸ்ட், ஹார்ட் ஃபெயிலியர் மூணும் ஒண்ணுதானே?

செய்தித்தாளில் ஒன்றாகிவிட்டன. ஹார்ட் அட்டாக்கின் முழுப்பெயர் மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்: 'மயோ' தசை, 'கார்டி' இதயம், இன்ஃபார்க்‌ஷன் இரத்தம் போகாமல் திசு இறப்பது. நோயாளி பெரும்பாலும் நினைவோடு இருப்பார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேசுவார். கார்டியாக் அரெஸ்ட் என்றால் இதயம் இரத்தத்தைத் தள்ளுவது நின்றுவிட்டது. நினைவிருக்காது, நாடி இருக்காது, அந்த நிமிடமே மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். முதலாவது இரண்டாவதில் கொண்டுபோய் விடலாம்.

ஃபெயிலியர் என்றதும் இதயம் நின்றுவிட்டது என்று உறவினர்கள் பதறுவார்கள். இதயத்தால் உடம்புக்குத் தேவையான அளவு இரத்தத்தைத் தள்ள முடியவில்லை என்பதுதான் அது. மாத்திரை எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் வீட்டு வேலை செய்துகொண்டு இருப்பவர்கள் உண்டு. ஸ்ட்ரோக் இதில் எதிலும் சேராது; அது மூளைக்கு வருவது.

16. டயபடிஸ் இன்சிபிடஸ்னு ஒண்ணு படிச்சேன். அதுல ஏன் சுகர் நார்மலா இருக்கு?

டயபடிஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குச் சர்க்கரையோடு சம்பந்தமே இல்லை. உள்ளே போனதெல்லாம் வழியாக ஓடிவிடுவது என்பதுதான் பொருள். நம் 'நீரிழிவு' அதற்கு ரொம்பப் பக்கம். மெல்லிட்டஸ் என்றால் தேன் போல இனிப்பது, இன்சிபிடஸ் என்றால் சுவையற்றது. சிறுநீரின் சுவையை வைத்துப் பிரித்த காலத்துப் பெயர்கள். இரண்டாவதில் சிறுநீரைச் சுண்டவைக்கும் வாசோபிரஸ்ஸின் ஹார்மோன் போதாமல் போகிறது, அல்லது சிறுநீரகம் அதற்குக் கட்டுப்படுவதில்லை. லிட்டர் கணக்கில் போகும், தாகம் அடங்காது, சுகர் சரியாகவே இருக்கும்.

பெயர் ஒற்றுமையால் இந்த நோயாளிகளைச் சுகர் நோயாளிகள் என்று எண்ணி, அவர்களுக்கு உயிர்நாடியான மருந்தைக் கொடுக்காமல் விட்ட சம்பவங்கள் நடந்திருக்கின்றன. அதனால் 2022இல் பன்னாட்டு நிபுணர்கள் சேர்ந்து, வாசோபிரஸ்ஸின் குறைபாடு, வாசோபிரஸ்ஸின் எதிர்ப்பு என்று பெயரையே மாற்றப் பரிந்துரைத்தார்கள். பழைய பெயரும் புதுப்பெயரும் சில காலம் சேர்ந்தே ஓடும், இரண்டையும் தெரிந்துகொள்ளுங்கள்.

17. ஆள் பேர்ல இருக்கிற வார்த்தைகளை எதுக்குப் படிக்கணும்? பிரிச்சாலும் அர்த்தம் வரலையே.

வராதுதான். ஃபல்லோப்பியன் டியூப் என்பதில் இத்தாலியர் ஃபல்லோப்பியோவின் பெயர் தவிர ஒன்றும் இல்லை. யூட்டரைன் டியூப் என்றால் இடம் புரிகிறது. புதிய பட்டியல்கள் அதையே விரும்புகின்றன. ஆனால் வார்டில் பழைய பெயர்தான் ஓடுகிறது. ஒரு விதத்தில் ஆள்பெயர் நல்லதும் செய்திருக்கிறது: 1873இல் தொழுநோய்க் கிருமியைக் கண்ட நார்வேக்காரர் ஹான்சனின் பெயரால் 'ஹான்சன் நோய்' என்று கேஸ் ஷீட்டில் எழுதும்போது, பக்கத்துப் படுக்கைக்காரர் எட்டிப் பார்த்து ஒதுங்குவதில்லை.

18. பேஷண்ட் சொல்றதை எப்படி மருத்துவ வார்த்தையா மாத்தி எழுதுறது?

முதலில் மாற்றாதீர்கள். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதிவிட்டு, கேட்டு உறுதிசெய்த பிறகு மருத்துவச் சொல்லுக்குப் போங்கள். "மயக்கமா வருது" என்பார்கள். சுற்றியுள்ளதெல்லாம் சுழல்கிறதா? அது வெர்ட்டிகோ. நினைவு தப்பி விழுந்தாரா? அது சிங்கோப்பி. வெறும் அசதியா, பசியா, வாந்தி வருவது போலவா? எல்லாவற்றுக்கும் ஊரில் ஒரே சொல்தான். 'நீர்க்கடுப்பு' என்றால் டிஸ்யூரியா, சந்தேகமில்லை. 'மூச்சு வாங்குது' டிஸ்ப்னியா. 'நெஞ்சு கரிக்குது' என்றால் பெரும்பாலும் இரைப்பை அமிலம், ஆனால் வயதானவர், சர்க்கரை நோயாளி சொன்னால் இ.சி.ஜி. எடுக்கும் வரை அப்படி முடிவு கட்டாதீர்கள்.

'நரம்பு' என்ற சொல்லில் உஷாராக இருங்கள். "நரம்பு ஊசி" என்றால் அது சிரையில் போடும் ஐ.வி. ஊசி. "நரம்பு இழுக்குது" என்றால் தசைப் பிடிப்பு. "நரம்பு புடைச்சிருக்கு" என்றால் காலில் வேரிகோஸ் வெயின். உண்மையான நரம்புக் கோளாறைச் சொல்ல வரும்போது அவர்கள் "மரத்துப் போகுது", "எறும்பு ஊருது" என்பார்கள்.

19. எல்லாத்தையும் தமிழ்லயே படிச்சா என்ன மேடம்?

படிக்க முடியும், படித்தும் இருக்கிறார்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, அறுவை மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். தமிழால் ஆகாது என்கிற பேச்சுக்கு அதுவே பதில்.

இன்றைக்கு உங்கள் பரீட்சையும் மருந்துச் சீட்டும் லேப் ரிப்போர்ட்டும் ஆங்கிலத்தில் இருப்பதால் அந்தச் சொற்கள் இல்லாமல் வேலை ஓடாது. தமிழில் படித்துப் புரிந்துகொண்டு, பெயரை அந்த மொழியில் பிடியுங்கள். இலங்கைத் தமிழ்ப் புத்தகம் கிடைத்தால் மட்டும் கொஞ்சம் கவனம்: நாம் செல், திசு, கணையம் என்பதை அவர்கள் கலம், இழையம், சதையி என்பார்கள். நம் தமனியும் சிரையும் அங்கே நாடியும் நாளமும். நம் ஊரில் நாடி என்றால் துடிப்பு.

20. ரிப்போர்ட்ல 'கார்சினோமா'ன்னு இருக்கு. "இதுக்கு என்ன அர்த்தம் சிஸ்டர்?"னு அவங்க மகன் கேக்கிறார். நான் என்ன சொல்றது?

இதுவரை படித்ததெல்லாம் உங்களைக் கொண்டுவந்து நிறுத்துகிற இடம் இது. அர்த்தம் உங்களுக்குத் தெரியும். ஆனால் நோயைச் சொல்வது டாக்டரின் பொறுப்பு. எந்த நிலை, என்ன சிகிச்சை, எவ்வளவு நம்பிக்கை என்று அடுத்த கேள்வி வரும்போது உங்களிடம் பதில் இருக்காது. பாதிச் செய்தியோடு அவரை வராந்தாவில் விட்டுவிட்டு வர முடியாது. அதற்காக "ஒண்ணும் இல்லைங்க" என்று பொய்யும் சொல்லக்கூடாது. சாயங்காலம் உண்மை தெரிந்ததும் அதன்பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார்.

"இதை டாக்டர்தான் முழுசா விளக்கணும் அண்ணா. நீங்க கேட்டதா நான் இப்பவே சொல்லிடறேன், அவர் பேசும்போது நானும் பக்கத்துல இருக்கேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி உடனே டியூட்டி டாக்டரிடம் தெரிவியுங்கள். கேட்க நினைப்பதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்ள அவருக்கு ஒரு தாளும் பேனாவும் கொடுங்கள். டாக்டர் வந்து பேசிவிட்டுப் போனபின் மறுபடி ஒருமுறை அவரிடம் போங்கள். அவர் சொன்னதில் எந்தச் சொல் புரியவில்லை என்று அப்போது கேளுங்கள். அந்தச் சொல்லைத் தமிழில் விளக்குவது உங்கள் வேலை.